தானாக ஒட்டாத இழை

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையை, இலங்கையின் கிழக்கே மருதமுனையில் எனது தறியடியில் இருந்து வாசித்தேன். நமது நிறுவனங்கள் வெளிநாடுகளில் முதலிட்டால் நமது ஏற்றுமதி “தானாகப் பல்வகைப்படும்”, அதாவது புதுப்புது வகைப் பண்டங்களும் போகும் என்கிறார் கட்டுரையாளர். நாற்பது வருடமாகத் தறியில் இருக்கிறேன். அறுந்த இழைகூடத் தானாக ஒட்டிக்கொண்டதை நான் கண்டதில்லை.

விசாகப்பட்டினத்துக்கு அருகே இலங்கை நிறுவனமொன்று 1000 ஏக்கரில் ஆடை நகரம் அமைத்ததை உதாரணம் காட்டுகிறார். கெட்டித்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே தைத்த சட்டை இந்தியாவின் ஏற்றுமதிக் கணக்கில் அல்லவா விழும்? 1985க்குப் பிறகு தங்கள் நாணயமான யென்னின் மதிப்பு ஏறியபோது ஜப்பான்காரர் பொருத்தும் வேலையை மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் கொண்டுபோனார்கள்; உதிரிப்பாகங்களையும் இயந்திரங்களையும் ஊரிலேயே செய்து அங்கே அனுப்பினார்கள். அனுப்ப அவர்களிடம் பண்டம் இருந்தது. எனது தறிக்கு நூலும் சாயமுமே இந்தியாவிலிருந்து வருகின்றன.

2020இல் என் மருமகன் டோஹாவில் ஒரு கடையின் மூலையை வாடகைக்கு எடுத்து நமது சாரங்களை, அதாவது இடுப்பில் உடுத்தும் கைலிகளை, விற்கலாம் என்றார். முற்பணம் அனுப்ப வங்கிக்குப் போனேன். வெளிநாட்டு முதலீட்டுக்குப் பணம் அனுப்புவதை அந்த ஏப்ரலில் நிறுத்தியிருந்தார்கள். நாட்டில் டொலர் தட்டுப்பாடு, நியாயம்தான். ஆனால் கவுண்டரில் இருந்த தம்பி, “சாரம் விற்கவா காக்கா?” என்று சிரித்ததை எந்தச் சட்டத்தில் சேர்ப்பது? அந்த மூலையில் இப்போது இந்தோனேசியச் சாரம் விற்கிறார்களாம். கடை நம் கையில் இருந்திருந்தால், அங்குள்ளவர்கள் எந்தக் கரையை, எந்த நிறத்தைக் கேட்கிறார்கள் என்று அறிந்து இரண்டு புது மாதிரியாவது நெய்திருப்பேன். வெளியே போட்ட பணம் உள்ளே புதுப் பண்டத்தைப் பிறப்பிப்பது அப்படித்தான். கொழும்பில் இருந்து எழுதுபவருக்கு அது தெரியாவிட்டாலும் தங்களுக்குத் தெரியாதிருக்காது.

எங்கள் கிழக்குக் கரையில் ஒலுவில் துறைமுகத்தை 2013இல் திறந்தபோதும் இப்படித்தான், எல்லாம் தானாக நடக்கும் என்றார்கள். வாயிலை மணல் மூடியதைப் பற்றி நான் எழுதிய கடிதத்தைத் தாங்கள் பாதியாக வெட்டிப் பிரசுரித்தீர்கள். மணல் இருந்த பாதியைத்தான் வெட்டியிருந்தீர்கள். இடம் போதாதிருக்கலாம், அதே பக்கத்தில் நகைக்கடை விளம்பரம் விசாலமாகவே இருந்தது.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஏற்றுமதிச் செய்தி போடும்போது மொத்த டொலரோடு நிறுத்தாமல், எத்தனை வகைப் பண்டம் போனது, அதில் கிழக்கிலிருந்து போனது எது என்று ஒரு வரி சேருங்கள்.

இப்படிக்கு,
கைத்தறி நெசவாளி ஒருவர்,
மருதமுனை.