இறைச்சி மேல் போட்ட பழி

ஆசிரியருக்கு,

உயிரி ஆயுதங்கள் பற்றிய உங்கள் தலையங்கம், ரகசிய ஆய்வுக்கூடங்கள் மீதான சந்தேகங்களை வெறும் வதந்தி என்று ஒதுக்கிவிட்டது. பல வதந்திதான், சரி. ஆனால் 1979 ஏப்ரலில் சோவியத் நகரமான ஸ்வெர்த்லோவ்ஸ்கில் ராணுவ வளாகத்திலிருந்து கசிந்த அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய்க் கிருமி 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. நோய் கண்ட மாட்டின் இறைச்சியே காரணம் என்று அரசு சாதித்தது; ராணுவத்தின் பொறுப்பை ரஷ்ய அதிபர் யெல்ட்சின் ஒப்புக்கொண்டது 1992-ல்தான். கால்நடை மருத்துவராக, அடைப்பானில் செத்த மாட்டைத் தோலுரித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்: கையில் வலியில்லாத கறுத்த புண் வரும். ஸ்வெர்த்லோவ்ஸ்க் பிணக்கூறாய்விலோ நெஞ்சுக்குள் ரத்தக்கசிவு. அது மூச்சில் போன கிருமியின் வேலை. உள்ளூர் மருத்துவர்கள் அந்தத் திசுக்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றியதால்தான் நமக்கே தெரியும்.

இத்தனைக்கும் 1975-ல் நடைமுறைக்கு வந்த உயிரி ஆயுதத் தடை ஒப்பந்தத்தில் சோவியத்தும் ஓர் உறுப்பு நாடு. நாடுகள் அதன்படி நடக்கின்றனவா என்று சோதித்துப் பார்க்க அதில் வழியே இல்லை. அந்தச் சோதனைக்கான வரைவை 2001-ல் அமெரிக்கா நிராகரித்தது. வதந்தி பரப்புவோரைச் சாடுவது இருக்கட்டும். அந்த வரைவை, ஒப்பந்த நாடுகள் கூடும் ஜெனீவாவில் மீண்டும் எடுக்கும்படி இந்தியா வலியுறுத்த வேண்டும் என்று அடுத்த தலையங்கத்தில் எழுதுங்கள்.

– ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், நாமக்கல்