காற்றில் கீபோர்டு எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விரலசைவைக் கேமராவால் பார்த்து எழுத்தாக்கும் கண்ணாடிகள் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 31 ஆண்டுகள் தட்டச்சு சொல்லிக்கொடுத்தவள் நான்.

அப்படியொரு கருவியை மகன் போன மாதம் என் தலையில் மாட்டிவிட்டான். எதிரே கீபோர்டு மிதந்தது. 'வணக்கம்' அடிப்பதற்குள் தோள் கடுத்துவிட்டது. அதைக்கூடப் பொறுக்கலாம், விரலுக்கு எதுவுமே தட்டுப்படவில்லை. மாணவர்களின் கைமேல் துணியைப் போட்டுப் பாராமல் அடிக்கப் பழக்கியவள், ஒவ்வோர் எழுத்தையும் கண்ணால் தேடினேன். நடுவில் கண்ணாடியைச் சரிசெய்யக் கையைத் தூக்கினால் அதையும் ஓர் எழுத்தாக எடுத்துக்கொண்டது!

கேமராவைக் குறை சொல்லவில்லை. கூகுள் 2019-இல் வெளியிட்ட மீடியாபைப் நிரலே சாதாரணக் கேமராவைக் கொண்டு ஒரு கையில் 21 புள்ளிகளைப் பிடித்துவிடுகிறது: மணிக்கட்டில் ஒன்று, விரலுக்கு நான்கு வீதம் இருபது. விரல் இருக்குமிடம் இவ்வளவு தெரியும்போது காற்றைத் தட்டச் சொல்வானேன்? கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொடச் சொல்லுங்கள். கை மடியிலேயே இருக்கும், தொட்டதும் நமக்கே தெரியும்.

தமிழுக்கு இது எப்படிப் பொருந்துகிறது பாருங்கள். நான்கு விரல், விரலுக்கு மூன்று பகுதி, ஆக 12. உயிரெழுத்தும் 12. இடக்கை ஆள்காட்டி விரல் நுனியில் அ, அடுத்து ஆ, இ என்று போனால் சுண்டுவிரல் அடியில் ஔ. தமிழ்99 கீபோர்டு அமைப்பிலும் உயிர் இடப்பக்கம்தானே. வலக்கையில் முதல் இரு விரல்களுக்கு வல்லினம் ஆறு, அடுத்த இரண்டுக்கு இடையினம் ஆறு. மெல்லினத்துக்குத் தனி இடம் வேண்டாம். க-ங, ச-ஞ, ட-ண, த-ந, ப-ம, ற-ன என்று இலக்கணமே ஜோடி சேர்த்து வைத்திருக்கிறது. இரண்டு முறை தட்டினால் மெல்லினம் என்றுதான் முதலில் வைத்தேன். 'அப்பா' எழுதினால் 'அமா' ஆகிவிட்டது! இப்போது தட்டினால் ப், சற்று அழுத்திப் பிடித்தால் ம். பின்னாலேயே உயிரைத் தொட்டால் உயிர்மெய், தொடாவிட்டால் புள்ளி. வெறுங்கையால் ஒரு வாரம் பழகியதில் 'அப்பா', 'அம்மா' இரண்டுமே நான்கு தொடுதலில் பாராமல் வருகின்றன.

இதிலும் சிக்கல் உண்டு. கட்டைவிரல் மடங்கும்போது விரலின் அடிப்பகுதியை மறைத்துவிடும். தொட்டதா, நூலிழை தள்ளி நிற்கிறதா என்று ஒற்றைக் கேமராவுக்குத் தெரிவது கடினம். ஔ அங்கே கிடப்பதில் நஷ்டமில்லை, எப்போதோ வருவது. ஆனால் என் வரிசைப்படி ற-வின் ஜோடியான ன-வும் வலக்கை நடுவிரல் அடியில்தான் விழுகிறது. அவன், நான், என்றான் என்று சொல்லுக்குச் சொல் வரும் எழுத்து அது. அதற்காக வரிசையைக் குலைக்க எனக்குச் சம்மதமே. எந்தப் பகுதி கேமராவுக்குத் தெளிவாகத் தெரிகிறது என்று இத்துறைப் பொறியாளர்கள் சோதித்து வெளியிட்டால், அதற்கேற்ப எழுத்தை மாற்றிப்போட்டுப் பழகிப் பார்க்க நான் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தட்டச்சுப் பயிற்றுநர்