பதினைந்து வயதுத் தட்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

கொழுப்பு, மார்பகப் புற்றுநோய் என்று பேச்செடுத்தாலே ஐம்பது வயதுப் பெண்ணின் தட்டைத்தான் எட்டிப் பார்க்கிறோம். அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 48,835 பெண்களிடம் நடந்த சோதனையில், உணவில் கொழுப்பைக் குறைத்தும் இந்நோய் உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை என்று 2006-இல் முடிவு வந்தது. காலம் கடந்த வைத்தியமோ என்பது என் ஐயம்.

பூப்பெய்தும் பருவத்தில்தான் மார்பகச் செல்கள் வேகமாகப் பெருகுகின்றன. முதல் பிரசவம் வரை அவை முழு முதிர்ச்சி அடைவதில்லை. ஹிரோஷிமா, நாகசாகி கதிர்வீச்சுக்கு இளவயதில் ஆளான பெண்களுக்கே பின்னாளில் இந்நோயின் ஆபத்து அதிகமாக இருந்தது. அந்த வயதுச் செல்கள் அவ்வளவு எளிதில் பாதிப்படைபவை.

அமெரிக்கச் செவிலியர்களிடம் நடந்த நெடுங்கால ஆய்வில், வளரிளம் பருவத்தில் சிவப்பு இறைச்சி அதிகம் உண்டவர்களுக்கு மாதவிடாய் நிற்குமுன் இந்நோய் கூடுதலாகவும், நார்ச்சத்து அதிகம் உண்டவர்களுக்குக் குறைவாகவும் வந்திருந்தது. ஆனால் பள்ளி நாள் உணவை அவர்கள் பல ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து சொன்னார்கள். நேற்றுச் சாப்பிட்டதே எனக்கு மறந்துவிடுகிறது! ஆகவே இதை நிரூபணம் என்று கொள்ள முடியாது, வலுவான சந்தேகம் எனலாம். எண்ணெயே தொடாதே என்று வளரும் பெண்பிள்ளைகளை இதைக் காட்டி மிரட்டுவதும் தவறு. அவர்கள் உடலுக்குக் கொழுப்பும் தேவை.

தங்கள் மருத்துவப் பக்கம் இனி இந்த வயதையும் கவனிக்குமா?

இப்படிக்கு,
ஒரு வாசகி