கம்பியின் இழுப்பு கேமராவுக்குத் தெரியாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வி.ஆர். கண்ணாடி (கண்முன் மெய்நிகர் காட்சி காட்டும் தலைக்கருவி) மாட்டிக்கொண்டு வீணை கற்பது பற்றிய உங்கள் ஞாயிறு கட்டுரையில், இனி குருவின் பக்கத்தில் உட்காரவே வேண்டாம் என்று ஒரு வரி. வீணை சொல்லிக்கொடுப்பவர்களுக்கு அது எப்படி வலிக்கும் என்று யோசித்தீர்களா?

அந்தக் கண்ணாடியில் உள்ள கேமரா விரல் இருக்கும் இடத்தைக் கணிக்கும், அழுத்தத்தை அறியாது. வீணையில் கம்பிக்குக் கீழே ஒவ்வொரு சுரத்துக்கும் உள்ள குறுக்குக்கட்டைதான் மெட்டு. காந்தார மெட்டிலேயே கம்பியை இழுத்து அடுத்த சுரமான மத்திமத்தைக் கொண்டுவருவது சில மில்லிமீட்டர் வேலை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ஒட்டி நகரும்போது ஒன்றையொன்று மறைக்கும். மறைந்த விரலைக் கணினி உத்தேசமாக வரைந்துவிடும். அந்த உத்தேசத்தைப் பார்த்துப் பழகும் பிள்ளைக்குச் சுரம் எட்டாமல் நிற்கும். அரை கிலோ கண்ணாடியோடு குனிந்து மெட்டைப் பார்த்தால் கழுத்து என்னாவது?

இணைய வேகம் இருந்தால் போதும் என்று கட்டுரை சொல்வதும் தவறு. காரைக்குடிக்கும் சென்னைக்கும் சுமார் 400 கி.மீ.; கண்ணாடியிழையில் ஒளி அதைக் கடக்க 2 மில்லி விநாடிதான். தாமதம் வைஃபையிலும், படத்தைச் சுருக்கி விரிப்பதிலும் வருகிறது. ப்ளூடூத் ஹெட்போன் மட்டுமே பெரும்பாலும் 100 மில்லி விநாடிக்கு மேல் சேர்க்கும். ஒருவழித் தாமதம் 30 மில்லி விநாடியைத் தாண்டினாலே சேர்ந்து வாசிக்கும்போது காலப்பிரமாணம், அதாவது வாசிப்பின் வேகம், இழுக்கும். கேபிள் இணைப்பு, வயர் ஹெட்போன், ஒருவர் வாசித்து முடித்தபின் மற்றவர் வாசிப்பது: இதுதான் வழி. இரைச்சல் நீக்கும் வசதியையும் அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் தம்புராவின் நாதத்தை மின்விசிறிச் சத்தம் என்று வெட்டிவிடும்.

உண்மையான நன்மை ஒன்று உண்டு. இந்தக் கண்ணாடி வழியே குருவின் தோளுக்குப் பின்னால் நின்று அவர் கையைத் தன் கை போலவே பார்க்கலாம். எதிரெதிரே உட்கார்ந்தால் வரும் இடம் வலம் குழப்பம் இராது. கட்டுரை சொல்லாமல் விட்டது அதைத்தான்.

செட்டிநாடு என்றாலே உங்கள் இதழுக்குச் சமையலும் ஆத்தங்குடித் தரைக் கல்லும்தான். வீணைக் கலைஞர்களான காரைக்குடி சகோதரர்களில் மூத்தவர் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசித்தவர். இளையவர் சாம்பசிவ ஐயர் 1952இல் சங்கீத நாடக அகாடமி விருது பெற்றவர். தாங்கள் அறியாததல்ல. காரைக்குடி என்ற பெயரிலேயே ஒரு வீணைப் பாணி இருக்கும்போது, வீணைக் கட்டுரையில் அவர்களுக்கு ஒரு வரி கிடைக்கவில்லை.

போகட்டும். உங்கள் படத்தில் வாசிப்பவரின் வலது கை மெட்டின் மேல் இருக்கிறது. படம் திருப்பி அச்சாகியிருக்கிறது. புதிதாகச் சேரும் பிள்ளைகள் அதைப் பார்த்து உட்காருவார்கள். அடுத்த ஞாயிறு அந்தப் படத்தையாவது சரியாக வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வீணை ஆசிரியை,
காரைக்குடி.