துப்பறியும் தொடர் எழுதுகிறவர்களுக்கு: உங்கள் நாயகருக்கு வயதாகட்டும்

மாத நாவல்களிலும் இதழ்களிலும் துப்பறியும் கதை எழுதும் அன்பர்களுக்கு வணக்கம்.

உங்கள் எழுத்தைப் படித்து வளர்ந்தவன் என்ற உரிமையில் ஒன்று கேட்கிறேன். உங்கள் துப்பறிவாளருக்கு வயதாக விடுங்கள்.

சுஜாதாவின் கணேஷும் வசந்தும் பல பத்தாண்டுகள் இளமை மாறாமல் இருந்தார்கள். அவர்களை இன்றும் விரும்பிப் படிக்கிறேன். ஆனால் எனக்கு நரை விழுந்த பிறகு, என்னோடு சேர்ந்து மூப்படையும் ஒருவரைத் தேடினேன், ஸ்காட்லாந்தின் எடின்பரோவில்தான் கிடைத்தார். எழுத்தாளர் இயன் ராங்கின் 1987இல் அறிமுகப்படுத்திய போலீஸ் துப்பறிவாளர் ஜான் ரீபஸுக்கு, புத்தகத்துக்குப் புத்தகம் வயது ஏறுகிறது. 2007இல் பணி ஓய்வு. சும்மா இருக்க முடியாமல், துப்புத் துலங்காத பழைய வழக்குகளைக் கிளறப் போய்விடுகிறார். 2020இல் வந்த நாவலில், நுரையீரல் நோயால் மாடி ஏற முடியாமல், அதே கட்டடத்தின் தரைத்தளத்துக்குக் குடிமாறுகிறார். அந்தப் பக்கங்களில் கொலையாளி யார் என்பதே எனக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டது.

சுவீடன் எழுத்தாளர் ஹென்னிங் மான்கெல் இன்னும் கடுமையானவர். 2009இல் வந்த நாவலில் அவருடைய போலீஸ் துப்பறிவாளர் வாலண்டர், உணவகத்தில் தன் துப்பாக்கியை மறந்து வைத்துவிட்டு வருகிறார். அடுத்து எதை மறப்பாரோ என்று நமக்குப் பதைக்கிறது.

இதை மதுரையில் வைத்து எண்ணிப் பாருங்கள். ஓய்வுபெற்ற ஏட்டையா ஒருவர். தங்கம் தியேட்டரில் இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு வந்ததாக ஒருவன் பழைய வாக்குமூலத்தில் சொல்லியிருக்கிறான். அந்த ஆண்டில் தியேட்டர் மூடிக் கிடந்தது என்பது அவருக்குத் தெரியும், இளம் எஸ்.ஐ.க்கு அந்த இடத்தில் ஜவுளிக்கடையை மட்டுமே தெரியும். மாசி வீதிச் சந்து ஒன்றில், பழைய வீட்டின் செங்குத்தான மரப்படி. மேலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாதியில் நின்று மூச்சு வாங்குகிறார். தாவி ஏறிப்போன எஸ்.ஐ. கவனிக்கவில்லை, கயிறு புத்தம் புதியது என்பது நின்றவர் கண்ணில்தான் படுகிறது. தள்ளாமையே துப்புக் கொடுக்கும் இந்த இடம்தான் எனக்கு வேண்டும். பொன்விழாத் தாத்தாவாக அவரைப் போற்ற வேண்டாம். தவறட்டும், கோபப்படட்டும், மாத்திரையை மறக்கட்டும்.

இளைஞன் இல்லாவிட்டால் விற்காது என்று பதிப்பாளர்கள் சொல்லக்கூடும். 1920இல் அறிமுகமாகும்போதே அகதா கிறிஸ்டியின் துப்பறிவாளர் ஹெர்குல் பொய்ரோ ஓய்வுபெற்ற போலீஸ்காரர்தான். அவரை உலகமே படித்தது.

அடுத்த தொடரின் முதல் அத்தியாயத்திலேயே உங்கள் நாயகர் பிறந்த ஆண்டை எழுதிவிடுங்கள். அச்சேறிவிட்டால் பிறகு நீங்களும் நழுவ முடியாது.

அன்புடன்,
ஒரு வாசகன்
சிம்மக்கல், மதுரை