போலிக் கேபிள் இல்லை

வெள்ளவத்தை,
ஞாயிறு இரவு

அன்பின் மச்சான்,

வீட்டில் எல்லோரும் சுகம். சின்னவளுக்குச் சாதாரண தரப் பரீட்சை என்பதால் நாங்கள் கிசுகிசுத்தே வாழ்கிறோம். நான்கு மாதமாக நான் எழுதாததற்குக் காரணம் வேலை இல்லை, வெட்கம். "ரொறன்ரோவில் இருந்துகொண்டு அப்பாவுக்குப் போலிக் கேபிள் அனுப்பியிருக்கிறாய்" என்று ஒரு வரி எழுதிவிட்டு வாயை மூடிக்கொண்டேனே, அந்தக் கேபிள் போலி இல்லை. பிழை என்னுடையது. சிரித்து முடித்துவிட்டு மேலே வாசி.

அப்பா போனில் செருகி ஹெட்போனில் பாட்டுக் கேட்க நான் முதலில் செய்து கொடுத்த சட்டைப்பைப் பெட்டி மைக்ரோ யூ.எஸ்.பி. வாய் வைத்தது. ஒரு நாள் அந்த வாய் கேபிளோடு கழன்று வந்துவிட்டது. அடியில் செப்புத் துணுக்குகள் மீன் செதிலைப் போல ஒட்டிக்கொண்டிருந்தன. புறக்கோட்டையில் மலிவாக வாங்கியது. பலகையின் மேற்பரப்பில் மட்டும் சோல்டரில் நிற்கும் ரகம். மைக்ரோ வாய்க்கு 10,000 தடவை செருகலாம் என்று கணக்கு இருக்கிறது. ஆனால் அது நேராகச் செருகுகிறவனுக்கான கணக்கு. தலைகீழாக வைத்து நெம்பினால் ஒரே தடவை போதும். அதனால் இந்த முறை டைப்-சி வைத்தேன். உலோகக் கூட்டின் நான்கு கால்களும் பலகையைத் துளைத்து மறுபக்கத்தில் சோல்டர் ஆகும் ரகம். விலை கூட, ஆனால் இனி வேறு எதையும் வாங்கமாட்டேன்.

என் கஞ்சத்தனம் வேறோர் இடத்தில் வேலையைக் காட்டியது. சி வாயில் சி.சி. என்று இரண்டு முனைகள் உண்டு. எந்தப் பக்கமாகச் செருகினாலும் அவற்றில் ஒன்று போனுடன் பேசும். ஒவ்வொன்றிலிருந்தும் தனித்தனியாக 5.1 கிலோ ஓம் தடையி ஒன்று கிரவுண்டுக்குப் போகவேண்டும். அதைக் கண்டால்தான் போன் 5 வோல்ட்டைத் திறந்துவிடும். என் டப்பாவில் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. இரண்டு முனைகளையும் சேர்த்து அந்த ஒன்றிலேயே கட்டிவிட்டேன். என் மெல்லிய கேபிளில் பெட்டி பாடியது. நீ அனுப்பிய தடித்த கேபிளில் செத்துக் கிடந்தது. நான் உன்னைத் திட்டினேன்.

அந்தத் தடித்த கேபிளின் தலைக்குள், அதிக மின்னோட்டம் தாங்குவேன் என்று சொல்வதற்காக ஒரு சில்லு இருக்கிறது. அதற்குரிய முனையில் ஏறத்தாழ 1 கிலோ ஓம். நான் முனைகளைக் கட்டிப்போட்டதால் அதுவும் என் 5.1உம் சமாந்தரமாகச் சேர்ந்து 840 ஓம் அளவுக்கு இறங்கிவிட்டன. நம் தடையி வாத்தியார் இதற்கு என்னை வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருப்பார். இரண்டு முனையிலும் இவ்வளவு குறைந்த தடையைக் கண்டால், "இது வெறும் ஹெட்போன் அடாப்டர், மின்சாரம் வேண்டாம்" என்று போன் முடிவு செய்துவிடும். பாட்டுப் பெட்டி என்று கிட்டத்தட்டச் சரியாகவே கண்டுபிடித்துத்தான் சோறு போடாமல் விட்டிருக்கிறது! 2019இல் வந்த ராஸ்பெரி பை 4இன் முதல் பலகையிலும் இதே பிழை இருந்தது. இந்த ஆறுதலை மனைவியிடம் மூன்று முறை சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தாள்.

நேற்று இரண்டு தடையிகளையும் ஒழுங்காக வைத்துப் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உன் கேபிளிலேயே பாடுகிறது.

இனி எழுதப்போவதுதான் விஷயம். பழைய பெட்டியில் வாயைச் சுற்றி நுண்ணிய கீறல்கள் இருந்தன, இருட்டில் சாவித்துவாரம் தேடியது போல. கண் மங்கல் என்று நினைத்துவிட்டேன். நேற்று அப்பா செருகுவதை எதிரில் இருந்து பார்த்தேன். பிளக் வாய்க்கு நேரே வந்து நிற்கும், பிறகு இடப்பக்கம் ஓடிவிடும். கண் இல்லை மச்சான், கை நடுங்குகிறது. சி-க்கு மேல் கீழ் இல்லை. அப்படியும் நான்காவது முயற்சியில்தான் உள்ளே போனது. நான் எழுந்து உதவவில்லை. தேத்தண்ணீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடிக்கிறார், அதுவும் பாதிக் கோப்பைதான். நான் பார்ப்பதைக் கண்டுவிட்டு, "அவனுக்கு எழுதாதே" என்றார். சரி என்றேன்.

ஹெட்போன் பக்கத்தில் இப்போது 3.5 மில்லிமீற்றர் வாய். அதைக் கழற்றிவிட்டு 6.35 வைக்கப்போகிறேன், ஸ்டூடியோக்களில் பார்ப்போமே, அந்தத் தடித்த ஜாக். சிரிக்காதே. உருண்டை, விரலுக்கு அடங்கும் பருமன், எந்தப் பக்கமும் திருப்பவேண்டியதில்லை. சட்டைப்பைப் பெட்டி என்ற பெயர் போய்விடும். போகட்டும், அவர் சாய்மனைக் கதிரையை விட்டு எங்கே போகிறார்? ஜன்னலுக்கு அப்பால் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். உப்புக் காற்றுக்குப் பொன் முலாம் பூசியதாகத் தேடுகிறேன். கடைக்காரருக்கு மஞ்சளாய் இருப்பதெல்லாம் பொன். நீ ஆசைப்பட்ட 4.4 மில்லிமீற்றர் ஜாக், ஐந்து தொடுமுனைச் சங்கதி, உன் பெட்டிக்கு வரும். அதற்கு அவசரம் இல்லை.

நரம்பு வைத்தியரிடம் காட்டவேண்டும். நான் சொன்னால் எழும்பமாட்டார், நீ சொல்லவேண்டும். அடுத்த ஞாயிறு வீடியோவில் அழைக்கும்போது நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. புதுப்பெட்டியில் ஹெட்போனை எப்படிச் செருகுவது என்று காட்டச் சொல். சந்தோஷமாகக் காட்டுவார். நீயே பார்.

உன்,
கேபிள் பரிசோதகன்