பெப்டைட்டு மாவும் முதியோரின் உணவும்

ஆசிரியர் அவர்கட்கு,

நோய் எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும் பெப்டைட்டுகள் அடங்கியவை என்ற விளம்பரத்துடன் வரும் புரத மா டின்களை, யாழ்ப்பாணத்து மருந்துக்கடைகளிலும் வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் பெற்றோருக்கு அனுப்பும் பொதிகளிலும் இப்போது காண்கிறோம். இது குறித்துச் சில விடயங்களைத் தங்கள் வாசகர் முன் வைக்க விரும்புகிறேன்.

பால், முட்டை, மீன், பயறு ஆகியவற்றின் புரதங்களை இரைப்பையில் பெப்சின், சிறுகுடலில் திரிப்சின் ஆகிய சமிபாட்டு நொதியங்கள் துண்டாடும்போது, புரதத்தின் அடிப்படைக் கூறுகளான அமினோ அமிலங்கள், பெரும்பாலும் 2 முதல் 20 வரை கோத்த சிறு சங்கிலிகள் விடுபடுகின்றன. இவையே பெப்டைட்டுகள். முழுப் புரதத்துள் செயலற்றிருந்த இவற்றுட் சில, விடுபட்டபின் உடலின் பாதுகாப்புக் கலங்களைத் தூண்டவோ அழற்சியைத் தணிக்கவோ வல்லன. பாலிலுள்ள இலக்டோபெரினைப் பெப்சின் வெட்டும்போது உண்டாகும் இலக்டோபெரிசின், ஆய்வுகூடத்தில் தன் மூலப் புரதத்தைவிட வலுவாகப் பற்றீரியாக்களைக் கொல்கிறது. பால் தயிராகும்போதும் கேசீன் புரதம் ஓரளவு இவ்வாறு வெட்டுப்படுகிறது.

ஆயினும் ஆய்வுகூடத்தில் கண்டதெல்லாம் சாப்பாட்டுக் கோப்பையாலும் கிட்டும் என்று கொள்வதற்கில்லை. தாய்ப்பால் கேசீனிலிருந்து பெற்ற, ஆறு அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைட்டு ஒன்று பாதுகாப்புக் கலங்களைத் தூண்டுவதாகப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1981இல் அறிவித்தனர். அது எலிகளைக் கிளெப்சியெல்லா என்ற பற்றீரியாவின் தொற்றிலிருந்து காத்தபோது, ஊசிமூலம் நாளத்தில் ஏற்றப்பட்டிருந்தது. வாயால் உட்கொள்ளும் பெப்டைட்டோ மேலும் சமிபாடடைந்து, பெரும்பாலும் தனி அமினோ அமிலங்களாகவும் இரண்டு மூன்று கோத்த துண்டுகளாகவுமே குடற்சுவரைக் கடக்கிறது. குடற்சுவரிலேயே பாதுகாப்புக் கலங்கள் செறிந்திருப்பதால் அங்கு பயன் விளையலாம் என்ற எதிர்பார்ப்பு நியாயமானதே. மனிதரில் நடத்தப்பட்ட சோதனைகள்தாம் போதாமல் இருக்கின்றன.

பிள்ளைகள் தூரதேசத்திலிருக்க, இங்கு தனித்து வாழும் முதியோர் பலர் காலையில் பாணும் சம்பலும், மதியம் சோறும் சொதியுமாகப் பொழுதைக் கழிப்பது எனக்குப் பெருங்கவலை தருகிறது. கிருமிகளை எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் புரதத்தாலேயே ஆனவை. புரதம் குறைந்த உடலில் நோய் எதிர்ப்பும் குன்றும். 65 வயதைக் கடந்தவர்களுக்கு உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு நாளாந்தம் 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை என்று சர்வதேச நிபுணர் குழுவொன்று 2013இல் பரிந்துரைத்தது. 50 கிலோ நிறையுள்ள மூதாட்டிக்கு இது 50 முதல் 60 கிராம் வரை ஆகும். ஒரு முட்டையில் இருப்பது ஏறத்தாழ 6 கிராம். டின் வாங்கும் பணத்தில் பாசையூர்ச் சூடை மீனும், பயறும், தயிரும் வாங்கினால், வேண்டிய பெப்டைட்டுகளை அவர்களின் குடலே ஆக்கிக்கொள்ளும். சிறுநீரக நோயுள்ளோர் மட்டும் புரதத்தைக் கூட்டுமுன் மருத்துவரைக் கேட்பது அவசியம்.

இத்தகைய விளம்பரங்களைத் தாங்கள் ஏற்கும்போது, கூறப்படும் பயன் கலங்களில் கண்டதா, எலிகளில் கண்டதா, மனிதரில் கண்டதா என்று விளம்பரதாரரிடம் கேட்டு, அந்த விடையையும் உடன் அச்சிடுமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
கொக்குவில்.